தங்கவேலின் ராகுகாலம்

பல் துலக்கியதும் தங்கவேல் போய் நிற்பது நாள்காட்டியின் முன்னால். தாளைக் கிழித்ததும் கண் நல்ல நேரத்துக்குப் போகாது. நேரே ராகுகாலத்துக்குத்தான் போகும். ஊரெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரம் வாசல்படி தாண்ட யோசிக்க, இந்த மனுஷர் மட்டும் அது தொடங்குகிற நிமிஷத்தில் போய்ச் சேருகிற கணக்கில் ஆதம்பாக்கத்திலிருந்து மொபெட்டைக் கிளப்புவார்.

தொழில் கம்ப்யூட்டர் சர்வீஸ். தி. நகர், மயிலாப்பூர், அடையாறு ஆபீஸ்களிலிருந்து இந்தத் தொண்ணூற்றேழில் அவருக்கு வருகிற அழைப்பில் பாதி பழுதுக்காக இல்லை. விண்டோஸோடு கூடவே ஒட்டிக்கொண்டு வந்த சீட்டாட்டத்தை எடுத்துவிட வேண்டுமாம். ஒருத்தரும் வேலை பார்ப்பதில்லையாம். எடுப்பது இரண்டு நிமிஷ வேலை. கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு டிக்கை நீக்கினால் தீர்ந்தது. தங்கவேலுக்குத்தான் மனசு கேட்காது. "ஆசையா ஆடிக்கினு கீறவங்க கைலேர்ந்து வெடுக்குனு புடுங்கலாமா? கடைசியா ரெண்டு ஆட்டம் ஆடிக்கட்டுமே" என்பார். அதற்குத்தான் ராகுகாலம்.

போன வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மயிலாப்பூரில் ஆடிட்டர் பரத்வாஜின் ஆபீஸில் போய் நின்றார்.

"வாங்கோ. முதல்ல அந்தச் சீட்டுக்கட்டை எடுத்துடுங்கோ. எல்லாரும் ஆடிண்டே இருக்கா" என்றார் ஆடிட்டர்.

"எடுத்துடலாம் சார். ராகுகாலம் இப்பத்தான் ஆரம்பிச்சுது. கிளையண்ட் ஃபைலெல்லாம் இதுலதான கீது, அதான் பார்க்கறேன்" என்று தங்கவேல் தலையைச் சொறிந்தார்.

ஆடிட்டர் முகம் மாறிவிட்டது. "பன்னெண்டுக்கு அப்புறமே தொடுங்கோ" என்று அறைக்குள் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது டைப்பிஸ்ட் பங்கஜம். ஐம்பது வயது. எட்டு மாதமாகச் சாப்பாட்டு வேளையில் ஆடுகிறார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஜெயித்தால் சீட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் குதித்துக் குதித்துத் திரை முழுக்க ஓடும். "எல்லாருக்கும் குதிக்குது தம்பி. எனக்கு மட்டும் குதிக்கல. இன்னியோட எடுத்துடுவீங்களாமே" என்று அந்த அம்மா மவுஸைத் தங்கவேல் பக்கம் நகர்த்தினார்.

தங்கவேல் மவுஸைக் கவிழ்த்து, உள்ளே இருந்த உருண்டையை எடுத்து, நகத்தால் அழுக்கைச் சுரண்டி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக் கொடுத்தார். "இப்ப வழுக்கிக்கினு போவும் பாருங்க. பன்னெண்டு வரிக்கும் உங்க ராஜ்ஜியம் பங்கஜம்மா."

நாலு ஆட்டம் போயே போய்விட்டது. ஐந்தாவது மடமடவென்று ஏறி, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அப்படியே நின்றுவிட்டது. சிவப்பு ஆட்டின் ஏழாம் சீட்டைத் தூக்கிக் கறுப்பு இஸ்பேட் எட்டின்மேல் வைத்தால் வழி திறந்துவிடும். பின்னால் நின்ற தங்கவேலுக்கு அது பளிச்சென்று தெரிகிறது. அந்த அம்மா கண்ணில் படவே இல்லை. அடுத்தவர் ஆட்டத்தில் வாய் வைப்பது தங்கவேலிடம் கிடையாது. சொல்லிக் கொடுத்து வந்த ஜெயம் பங்கஜத்துக்கு இனிக்குமா என்ன? ஆனால் நாக்கு துடிக்கிறதே! சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று பயந்து, சொம்புத் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக்கொண்டு விழுங்காமல் நின்றார். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன.

அறைக் கதவு திறந்தது. "பன்னெண்டாச்சே தங்கவேல், ஆரம்பிக்கலாமோல்லியோ?" என்றார் ஆடிட்டர். தங்கவேல் தலையைத் தலையை ஆட்டினார். "என்ன, பல்வலியா?" அதற்கும் அதே ஆட்டல்தான்.

"அட, இந்த ஏழு" என்றார் பங்கஜம்.

ஏழு எட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவர் கை நிற்கவில்லை. கடைசி ராஜாவும் மேலே ஏறியதும் சீட்டுகள் குதிக்க ஆரம்பித்தன. பங்கஜம் நாற்காலியைவிட்டு எழுந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. எடுக்கச் சொன்ன ஆடிட்டரே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நன்னா குதிக்கறதே" என்று மேஜைமேல் கையூன்றிக் குனிந்தார்.

அவர் விரல் தெரியாமல் மவுஸில் பட்டு ஒரு க்ளிக் ஆனாலும் போதும், குதியாட்டம் அந்த க்ஷணமே நின்றுவிடும். தங்கவேல் தண்ணீரை மடக்கென்று விழுங்கினார். மவுஸைப் பூப்போல எடுத்து, கடைசிச் சீட்டு விழும்வரை யார் கையும் எட்டாமல், தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.