டீச்சர் மாற்றாத இலங்கை ரூபாய்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. தி. நகரில் நான் வேலை பார்க்கும் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டீச்சர் உள்ளே வருவார். மற்றவர்கள் சுவரில் இருக்கும் விலைப் பலகையைப் பார்த்து, மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் கவுண்டருக்கு வருவார்கள். டீச்சர் பலகையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேராக என் முன்னால் வந்து நின்று, "இண்டைக்கு எங்கட காசு என்ன போகுது தம்பி?" என்பார். நான் சொல்வேன். அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "சரி, அடுத்த மாதம் பாப்பம்" என்று கொட்டிவாக்கத்துக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இதுதான் நடந்தது. ஒரு நோட்டைக்கூட அவர் மாற்றியதில்லை.

பக்கத்து சீட்டு கேஷியருக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னா சார், உன் டீச்சரம்மா வந்துக்கினு கீறாங்க பாரு. மாத்தவும் மாட்டாங்க, வுடவும் மாட்டாங்க. இன்னா கணக்கு சார் இது?" என்பான். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் தனியாக இருக்கிறேன். நாள் முழுக்க என் கவுண்டருக்கு வருகிற அத்தனை பேரும் என் விரல்களைத்தான் பார்ப்பார்கள், ஒரு தாள் குறைந்துவிடக்கூடாதே என்று. என் முகத்தைப் பார்த்துப் பேசியவர் டீச்சர் ஒருவர்தான். அதனால் அந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவேன். இதை கேஷியரிடம் சொல்லியிருந்தால் என்னைப் பிய்த்துத் தின்றிருப்பான்.

அவர் யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். சண்டைக் காலத்தில் படகேறி வந்து, கொட்டிவாக்கத்தில் ஒற்றை அறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். கணவரும் வீட்டுக் கூரையும் ஒரே ஷெல் குண்டில் போனதாக ஒருமுறை சொன்னார், விலை கேட்கிற அதே குரலில். மீண்டும் கூரை போட ஓடு வாங்குவதற்காகச் சேர்த்த சம்பளப் பணம்தான் அவரிடம் இருந்த இலங்கை நோட்டுகள். அவர் கரையேறிய காலத்தில் நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு இரண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். பிறகு நம் ரூபாய் சறுக்கி, ஒன்றரைச் சொச்சத்துக்கு வந்தது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான். "எங்கட காசு ஏறுது, பாத்தீங்களோ!" என்றார், தன் வகுப்புப் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததைப் போல.

அதற்கப்புறம் இறக்கம்தான். மறுபடியும் இரண்டு, இரண்டரை. "டீச்சர், இப்பவே மாத்திடுங்க. பேங்குல போட்டா வட்டியாவது வரும். வச்சிக்கிட்டே இருந்தா கரைஞ்சு போயிடும்" என்று கெஞ்சியிருக்கிறேன். கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா? "தெரியும் தம்பி. ஆனா மாத்திப்போட்டா நான் இஞ்சத்த ஆளாப் போயிடுவன்" என்றார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இலங்கையில் பெட்ரோலுக்கும் பால்பவுடருக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருடம், நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு நான்கைத் தாண்டியது. அந்த மாத வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் டீச்சர் அன்று விலை கேட்கவில்லை. துணிப்பையிலிருந்து பாச்சை உருண்டை வாசனை அடிக்கும் கட்டுகளை எடுத்து என் முன் வைத்தார். "மாத்தித் தாங்கோ" என்றார்.

"இன்னைக்கா டீச்சர்? இவ்வளவு மோசமான விலைக்கா?"

"அண்ணர் கனடாவில இருந்து போன் எடுத்தவர். யாழ்ப்பாணத்து வீடு அவர் பேரிலதான் இருந்தது. வித்துப்போட்டாராம். என்னட்டை ஒரு சொல் கேக்கேல்லை. இனி ஆருக்குத் தம்பி ஓடு?"

பல நோட்டுகள் மிகப் பழையவை. முதலாளியிடம் நான் மன்றாடிய பிறகுதான் எடுத்துக்கொண்டார். பக்கத்து சீட்டு கேஷியர் பாதிக் கட்டுகளைத் தன் பக்கம் இழுத்து என்னோடு எண்ணினான். ஒரு வீட்டுக்கே கூரை போட்டிருக்கக்கூடிய பணம், மெல்லிய கட்டாக அவர் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. அதைப் பார்த்தபடியே டீச்சர் கேட்டார்: "இஞ்ச ஒரு பீரோ என்ன விலை வரும் தம்பி?"

அன்று சாயங்காலம் உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு கடையில் பீரோவை வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருவரும் கொட்டிவாக்கம் போனோம். அவர் அறையை அன்றுதான் பார்த்தேன். சுவரில் ஒரு ஆணி கிடையாது. கட்டில் கிடையாது. முப்பது வருடங்களுக்கு மேல் குடியிருந்த இடத்தில், சேலைகள் முதற்கொண்டு எல்லாம் பெட்டிகளில் இருந்தன. நாளைக்கே கிளம்புகிறவரின் அறை அது. வண்டியோடு வந்த ஆட்கள் பீரோவைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார்கள். டீச்சர் நான்கு சேலைகளை எடுத்து அடுக்கினார். அதற்கே சேலைப் பெட்டி காலியாகிவிட்டது. பீரோக் கதவைச் சாத்திவிட்டு, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கடைக்காரர் வளையத்தில் கோத்துக் கொடுத்திருந்த இரண்டு சாவிகளில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஒண்டை நீங்கள் வச்சிருங்கோ. துலைஞ்சா கேட்டு வாங்க எனக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்?"

வாங்கிக்கொண்டேன். விலை கேட்க அவர் அதற்கப்புறம் வரவில்லை. சாவி கேட்டும் இதுவரை வரவில்லை. என் அறைக்கும் இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் என்னிடமே இருக்கின்றன.