பெர்சி திருத்திக் கொடுத்த வரிகள்

எங்கள் வில்லாபுரம் தெருவில் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள் பெர்சி. எனக்கு அடுத்த வீடு. கன்னியர் மடத்தில் சேர்ந்து நாலு வருடம் ஸ்பெயினில் இருந்தவள். அம்மா இறந்த சேதி வந்ததும், கடைசிவரை கன்னியராகவே இருப்பேன் என்ற நித்திய வார்த்தைப்பாடு கொடுக்காமலே திரும்பிவிட்டாள். அப்போது தம்பி ஜெரால்டுக்கு வயது பதினான்கு. அவனை வளர்த்து ஆளாக்கியதில் கல்யாணத்தை மறந்துபோனாள். பகலில் மிஷன் பள்ளியில் கிளார்க், சாயங்காலம் வீட்டில் ஸ்பானிஷ் வகுப்பு.

இந்த வருடம் சித்திரை முடிந்த கையோடு வெள்ளைத்துரை என்ற ஏஜென்ட் ஐந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆறாவதாக ஜெரால்டும் சேர்ந்துகொண்டான். பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாக வேலைக்கு அலைந்தவன். தாய்லாந்தில் கஸ்டமர் கேர் வேலையாம், ஸ்பானிஷ் பேசினால் போதுமாம். வெள்ளைத்துரையின் நிபந்தனைதான் விசித்திரம்.

“எல்லாப் பாடமும் வேணாம் டீச்சர். அந்தக் காலத்துல இப்படி இருந்தேன், அப்படி வாழ்ந்தேன்னு சொல்வாங்கள்ல, அது மட்டும் சரளமா வந்தாப் போதும்.”

பெர்சி சொல்லிக்கொடுத்தாள். ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு ஒரு விகுதி. அப்போதெல்லாம் வழக்கமாக நடந்ததற்கு வேறு விகுதி. வினைச்சொல் ‘ஆர்’ என்று முடிந்தால் ‘ஆபா’. ‘எர்’, ‘இர்’ என்று முடிந்தால் ‘ஈயா’. பேசுவதற்கு ‘ஆப்லாபா’, சாப்பிடுவதற்கு ‘கொமீயா’, வசிப்பதற்கு ‘பிவீயா’. பையன்கள் ஜெபமாலை சொல்வதுபோல் ஒரே குரலில் சொல்வார்கள். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பயிற்சி வாக்கியங்களை வெள்ளைத்துரையே அனுப்புவான். ‘என் மனைவி இருந்தபோது ஒன்றாகச் சாப்பிடுவோம்.’ ‘நாங்கள் கடலோரம் வசித்தோம்.’ கல்யாணமே ஆகாத ஆறு பேரும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர்களாகப் பேசிப் பழகினார்கள். பெர்சிக்குச் சந்தேகம் தட்டியது. கஸ்டமர் கேருக்குப் போகிறவன் ‘உங்கள் பிரச்சினை என்ன’ என்று கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு நாள் வெள்ளைத்துரை தவறுதலாக வேறொரு தாளையும் சேர்த்து அனுப்பிவிட்டான். கட்டம் போட்ட தாள். வயது அறுபதுக்கு மேலா, துணை உண்டா, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களா, சேமிப்பு எவ்வளவு. பெர்சி அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணே, இது தனியாக் கெடக்குற வயசானவங்களை ஏமாத்துற கும்பல்ணே. போனா பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கிருவாங்க. தம்பியப் போக விடக்கூடாது.”

சொன்னவள் புத்திசாலி. கேட்ட நான்தான் மடையன். ஏனென்றால் அதற்குள் பேனர் கட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் பத்தடி உயரத்துக்கு ஜெரால்டு கோட்டு சூட்டோடு சிரிக்கிறான், பின்னால் ஒரு விமானம். ‘அயல்நாடு பறக்கும் எங்கள் சிங்கமே’ என்று எழுதி, கீழே தெருக்காரர்களின் முகங்கள். இரண்டாவது வரிசையில் என் மூஞ்சியும். காதுகுத்துக்குக்கூட பேனர் வைக்கிற ஊர் இது. ஆள் ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே வாழ்த்தி முடித்துவிடுவோம்.

ஜெரால்டு அந்தத் தாளைப் படித்தான். முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, அம்புட்டு பேரு மூஞ்சியும் போட்டாச்சு. இப்பப் போகலைன்னா தெருவுல எப்படி நடப்பேன்? போய்ப் பாக்குறேன். சரியில்லைன்னா வந்துர்றேன்.”

பெர்சி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பான். “போயிட்டுத்தான் வரட்டுமேம்மா” என்றேன். பேனரை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வெட்கம். இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

போனவனிடமிருந்து பதினோரு நாள் சத்தமே இல்லை. போலீஸில் புகார் கொடுத்தோம், விசாரிப்பதாகச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பெர்சியின் போனில் ஒரு மெசேஜ். ஸ்பானிஷில் இரண்டு வரி, அடியில் தமிழில்: ‘திருத்திக் குடுக்கா. தப்பு இருந்தா அடிக்கிறாங்க.’

அவள் எனக்குப் படித்துச் சொன்னாள். ‘அம்மா இறந்த பிறகு அக்காதான் எனக்குச் சமைத்துப் போடுவாள். பள்ளிக்கூடம் போகும் முன் தலை வாரிவிடுவாள்.’ இதை எந்த ஏஜென்ட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் சொந்தக் கதை. சமைப்பதற்கு ‘ஆபா’ வர வேண்டிய இடத்தில் ‘ஈயா’ போட்டிருந்தான்.

“இது யாருக்குப் போகுதும்மா?”

“எங்கயோ தனியா இருக்குற ஒரு அம்மாவுக்கு. படிச்சா நம்பிரும்ணே. அம்புட்டும் உண்மையாச்சே.”

‘கொசினாபா’ என்று திருத்தி அனுப்பினாள். நான் தடுக்கவில்லை. உடனே பதில் வந்தது: ‘இன்னும் முப்பது வரி இருக்குக்கா.’ பெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததை அனுப்பச் சொன்னாள்.