மாஸ்டர் வாங்க வந்த தூள்

இன்று லிங்கநகர்க் கடையில் எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாஸ்டர் நின்றார். அவருடைய மனைவி இறந்து, முப்பத்தோராம் நாள் காரியம் போன கிழமைதான் முடிந்தது.

"தூள் கால் கிலோ தாங்கோ."

"கறித்தூளோ, தனி மிளகாய்த்தூளோ மாஸ்டர்?" என்று கடைக்கார அக்கா கேட்டார்.

"பொறுங்கோ, அவவிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்று போனை எடுத்து அழுத்தினார்.

அவருடைய சட்டைப்பைக்குள்ளேயே இன்னொரு போன் அடித்தது. மனைவியின் போனையும் கொண்டு திரிந்திருக்கிறார்.

அது அடித்து ஓய்ந்தது.

அக்கா இரண்டு தூளிலும் கால் கிலோ கட்டிக் கொடுத்தார்.

"உங்களுக்கு என்ன தம்பி?"

மனைவியைக் கேட்கத்தான் நானும் கையில் போனை வைத்திருந்தேன்.

தங்கள் வீட்டுக் குசினியில் சமையலுக்கு எந்தத் தூள் என்று கேட்காமலே தெரிந்த ஆண்கள் கையை உயர்த்துங்கள்.

நான் உயர்த்தவில்லை.