ஆறு தகர எழுத்துகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவுடன், அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே ஆறு ஆங்கில எழுத்துகள் ஏன் இருக்கின்றன என்று உறவினர்களும் நண்பர்களும் யோசித்திருப்பீர்கள். ஏ, இ, எல், ஆர், எஸ், டி. அச்சுப் பிழை அல்ல. நான்கு முறை மெய்ப்புப் பார்த்துவிட்டேன்.

அக்கா பிறந்தது குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லைன் வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளின்மேல் தோட்டத்தின் பெயரைப் பதிப்பவர். எழுத்து வெட்டிய தகரத்தைப் பலகைமேல் வைத்துக் கறுப்பு மை தடவினால் பெயர் விழும். விளிம்பு தேய்ந்த தகரங்களை எறிந்துவிடுவார்கள். அப்படி அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தவை இந்த ஆறும். எங்களுக்கு வேறு விளையாட்டுச் சாமான் கிடையாது.

ஆட்டத்தை உண்டாக்கியவர் அக்கா. இந்த ஆறு எழுத்துகளுக்குள் அடங்கும் ஆங்கிலச் சொற்களை மாறி மாறிச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லில் ஓர் எழுத்து ஒருமுறைதான் வரலாம். ஆடுபவர் எதையும் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. முன்பு வந்த சொல்லை மறுபடி சொன்னவர் தோற்றார். டீ, ஈட், சீட், ஸ்லேட் என்று போகும். மழையில் யார் விறகு எடுத்து வருவது, யார் தண்ணீர் பிடிப்பது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் இப்படித்தான் தீர்ந்தன. தோற்றவர் முணுமுணுக்கக் கூடாது. பெரும்பாலும் விறகு எடுத்தவன் நான்.

அந்த ஆங்கிலம்தான் அக்காவை ஆசிரியர் பயிற்சி வரை கொண்டுசென்றது. ஊட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. மகள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே கணவரை இழந்தார். அம்மாவைக் கடைசிவரை தம்மோடு வைத்துப் பார்த்தார்; மகளைப் படிக்க வைத்தார்; ஊட்டியிலேயே காந்தலில் இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டினார். செங்கல் வந்து இறங்கியபோது எண்ணியவன் நான்.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அக்காவுக்கு மறதி வந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டார். மார்க்கெட்டுக்குப் போனவர் வழி தெரியாமல் நின்றார். தெரிந்த ஆட்டோக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். நான் அருவங்காட்டிலிருந்து தினமும் பலமுறை போன் செய்வேன். கடைசியில் அக்காவின் மகளே கோயம்புத்தூரிலிருந்து வந்து பெட்டி கட்டினாள். நானும் போயிருந்தேன்.

“அம்மா, இனி இங்க தனியா வேண்டாங்க. எங்கூடவே வந்துருங்க. மாமாவும் அதைத்தான் சொல்றாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். “அப்படியாடா தம்பி?”

“ஆமாங்க்கா. எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்லைங்க்கா.”

“உனக்கு எப்பத்தான் வந்துச்சு? கூரையில எத்தனை ஓடுன்னு எண்ணிட்டுக் கெடந்தவன்தானே நீ.”

எழுந்துபோய்த் தகரங்களை எடுத்துவந்து மேசைமேல் பரப்பினார். “தம்பி ஜெயிச்சா நான் பொட்டியத் தூக்கிட்டு வர்றேன். நான் ஜெயிச்சா இந்த ஊட்டை விட்டு எங்கயும் வரமாட்டேன்.”

“இதுலயா அம்மா விளையாட்டு?” என்றாள் மகள்.

“எங்க ஊட்டுல எல்லாம் இப்படித்தான் கண்ணு. நீ எழுதிக்கோ. நாங்க பாக்க மாட்டோம்.”

மறதி வந்தவருக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. வந்த சொற்களையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். நிச்சயம் ஜெயிப்பேன் என்று நம்பித்தான் நான் உட்கார்ந்தேன். வேண்டுமென்றே தோற்றேனா என்று பின்னால் சிலர் கேட்டார்கள். இல்லை. அக்காவைத் தனியே விட எனக்குப் பயமாக இருந்தது.

நான் ஆரம்பித்தேன். ஈஸ்ட், லேட், ரியல், ரெஸ்ட் என்று போயிற்று. அக்கா நிதானமாகச் சொன்னார். சில சமயம் கண்களை மூடிக்கொண்டார். நடுவில் அக்காவின் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தேழாவது சொல் என் முறை.

“சால்ட்.”

அக்கா சிரித்தார். “அது வந்துருச்சு தம்பி. டீ கொண்டாந்து வெச்சப்பவே நீதான் சொன்ன.”

“நான் சொல்லலைங்க்கா.”

அக்காவின் மகள் தாளைப் பார்த்தாள். “சொல்லிட்டீங்க மாமா.”

எத்தனை என்று எண்ணியவனுக்கு எவையெவை என்பது நினைவில் நிற்கவில்லை.

“போய் வெறகு எடுத்துட்டு வா,” என்றார் அக்கா. மகள் சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, கட்டிய பெட்டியைப் பிரித்தாள்.

அதன்பின் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தார். தானாக அணையும் மின்னடுப்பு வாங்கி வைத்தோம். பக்கத்து வீட்டுச் சகோதரி இரவில் வந்து படுத்துக்கொண்டார். மறதி கூடத்தான் செய்தது. என் பெயர் போயிற்று. ஆனால் வீடு போகவில்லை. எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழும் என்று தெரிந்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார். சென்ற ஆண்டு ஒரு காலையில், மகள் அருகில் இருக்க, தம் கட்டிலிலேயே வலியின்றிக் கண் மூடினார்.

இரவெல்லாம் துணையிருந்த அந்தச் சகோதரிக்கும், வழியில் நின்ற அக்காவை அடையாளம் கண்ட ஆட்டோக்காரருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வீட்டுக்கே வந்த மருத்துவருக்கும், மழையில் வழுக்கும் படிகளில் அக்காவைச் சுமந்து இறக்கிய முன்னாள் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். பட்டியலை இருமுறை சரிபார்த்தேன்.

அன்று நான் ஜெயித்திருந்தால் அக்கா பழகாத ஓர் அறையில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே போயிருப்பார். நல்லவேளை, தோற்றேன். இப்போதெல்லாம் ராத்திரி தூக்கம் வருகிறது.