கால் தரையை விட்டபோது
லைஃப் ஜாக்கெட் தைக்கும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவள், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று அடம்பிடித்ததும், படகுக்குச் சொல்லி வைத்ததும் அவள்தான். ஆனால் ஏரியைக் கண்டதும் கால் நகர மறுத்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டு கரையிலயே நிக்கப் போறியா? நீ தைச்சதுதானே, நம்பி இறங்கு," என்று அவள் போட்டிருந்த ஜாக்கெட்டைத் தட்டிக் கணவர் சீண்டினார்.

"தையல் மேல நம்பிக்கை இருக்குங்க. என் எடையை நெனச்சாத்தான் பயமா இருக்கு!"

சிரித்தபடியே வார்களை இறுக்கிக்கொண்டு இறங்கினாள். கால் தரையை விட்டதும் வார்களை இறுகப் பற்றிக்கொண்டாள். ஆனால் அவள் மூழ்கவில்லை. மெல்ல மல்லாந்தாள். தண்ணீர் காதுகளை மூட, உலகமே ஓய்ந்தது. கண்ணுக்கு எட்டியவரை வானம் மட்டுமே விரிந்து கிடந்தது. "அம்மாடி!" என்றாள்.

சாப்பிடக் கணவர் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.