சனம் என் பக்கம்

லண்டனின் தெற்கே மிச்சம் என்கிற ஊரில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. கடைக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் என் கணவர், மற்றவர் என் அண்ணை. கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து நேராக இங்கே வந்தவர். அண்ணை சுவிஸில் நெடுங்காலம் ரெஸ்ரோரண்ட் சமையலறைகளில் வேலை செய்து அலுத்துப்போய், பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். காலையில் கணவர் கவுண்டரில் நிற்பார், பின்னேரம் அண்ணை. இடையில் நான் நின்றேன். அதனால் இரண்டு பேருடைய கதையும் முழுதாகக் கேட்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது.

இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு அப்படி ஒரு பிரியம். அண்ணை வராவிட்டால் கணவருக்குச் சாப்பாடு இறங்காது. கணவருக்குத் தடிமன் பிடித்தால் அண்ணை கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். 2009ஆம் ஆண்டு வசந்தத்தில், ஊரில் யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் திரண்டு நின்றதே, அங்கேயும் இவர்கள் முறை வைத்துப் போய் நின்றார்கள். தெருவால் போகும் கார்க்காரர் ஹோர்ன் அடித்தால் இரண்டு பேரும் கைகாட்டுவார்கள். வெள்ளைக்காரச் சனம் முழுக்க எங்கள் பக்கம் என்று வீட்டுக்கு வந்து சொல்லுவார்கள். பாதை மறிபட்ட கோபத்தில் ஹோர்ன் அடித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நாட்களில் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த ஆண்டு ஒக்ரோபர் கடைசியில், குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றி, நாலரைக்கே இருட்டத் தொடங்கிய வாரத்தில், இரண்டு தெரு தள்ளியிருந்த பேப்பர் கடையில் களவு நடந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். ஹெல்மெட் போட்ட ஒருவன் உள்ளே வந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்துக் காட்டி, சிகரெட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அண்ணாச்சிக்கு ஒரு கீறலும் இல்லை. துப்பாக்கி உண்மையானதா விளையாட்டுச் சாமானா என்பது தெரியாது என்று பொலிஸ் சொன்னது.

அடுத்த நாளே எங்கள் கடையில் விவாதம் தொடங்கிவிட்டது. பொலிஸில் ஒரு குற்றமும் பதியாத, ஒழுங்காகப் பயிற்சி எடுத்த கடைக்காரருக்கு ஒரு துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றார் அண்ணை. சுவிஸில் தன் பக்கத்து வீட்டுக்காரர் ஆமியில் தந்த துவக்கை அலுமாரியில் வைத்திருந்ததையும், அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு பூனையைக்கூடச் சுடவில்லை என்பதையும் சொன்னார். கணவருக்கு இது பிடிக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு இந்த நாடு கைத்துப்பாக்கியைத் தடைசெய்தது, அது இந்த நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று என்பது அவருடைய கருத்து. சந்திக்குச் சந்தி துவக்கோடு ஆள் நிற்கிற ஊரில் வளர்ந்தவருக்கு, துவக்கில்லாத பொலிஸ்காரர் சைக்கிளில் போவதைப் பார்ப்பதே ஒரு சந்தோசம்.

இதுவரை சரி. ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் தங்கள் கருத்தோடு நிற்கவில்லை. ஊர் முழுக்கத் தன் பக்கம் என்று கணவர் சொல்லுவார். வருகிற வாடிக்கையாளர் எல்லாம் தன்னைத்தான் சரி என்கிறார்கள் என்று அண்ணை சொல்லுவார். சுவிஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்களுக்கு இங்கே வோட்டே இல்லையே என்று கணவர் சீண்டுவார். வோட்டு இல்லாவிட்டால் காதும் இல்லையோ என்று அண்ணை கேட்பார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் கடைக்கு நாளுக்கு இரண்டு தரம் வரும் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். காலையில் பால் வாங்க வருவார், பின்னேரம் பூனைக்குச் சாப்பாடு வாங்க வருவார். காலையில் கணவர் துப்பாக்கித் தடையைப் புகழ, தலையை ஆட்டி, சரியாகச் சொன்னீர்கள் என்பார். அதே மனிதர் பின்னேரம் அண்ணை லைசென்ஸ் கதையை எடுக்க, அதே தலையை அதே மாதிரி ஆட்டுவார். நான் பின்னால் தட்டுகளை அடுக்கியபடி இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் தெருவில் அவரைக் கண்டபோது சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"பாலுக்கு வந்த இடத்தில் நான் ஏன் சண்டை பிடிக்க வேண்டும்?" என்றார். "இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை நிற்பேன். வீட்டில் என்னோடு பேசுவதற்குப் பூனைதானே இருக்கிறது."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் அவரோடு கதைப்பதைக் குறைத்துவிடுவார்களோ என்று இருந்தது.

நவம்பரில் பொலிஸும் கவுன்சிலும் சேர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். களவுகளைப் பற்றிப் பொதுமக்கள் வந்து கதைக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் கலியாணவீட்டுக்குப் போகிற மாதிரி ஆயத்தம். அண்ணை கோட் போட்டார். கணவர் சவரம் செய்து சேர்ட்டை அயர்ன் பண்ணினார். மண்டபம் முழுக்கத் தன்னோடு எழும்பி நிற்கும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

அண்ணைதான் முதலில் எழுந்தார். ஜெர்மன் வாடை அடிக்கும் இங்கிலீசில் மெதுவாக, மரியாதையாகத் தன் யோசனையைச் சொன்னார். சொல்லி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர், நாங்கள் என்ன அமெரிக்காவிலா இருக்கிறோம் என்று கேட்க, ஐந்தாறு பேர் சிரித்தார்கள். அண்ணை உட்காராமல், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

இந்த ஒரு நிமிசத்துக்காக வாரக்கணக்காகக் காத்திருந்தவர் என் கணவர். திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அவர் என் மனைவியின் அண்ணன்," என்றார் இங்கிலீசில். "அவர் சொன்னது பிழை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இருட்டின பிறகு தனியே கடையில் நிற்பது அவர்தான். சிரித்தவர்கள் ஒருநாள் வந்து அவரோடு நில்லுங்கள்."

அண்ணை மெல்ல உட்கார்ந்தார். கணவரும் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். எழுந்த சூட்டில், நாட்டில் மிச்சமுள்ள வேட்டைத் துவக்குகளையும் கடைகளில் விற்கும் பொம்மைத் துப்பாக்கிகளையும் சேர்த்தே தடைசெய்ய வேண்டும் என்று தொடங்கிவிட்டார். கம்பளித் தொப்பி போட்ட ஒரு முதிய பெண் கையை உயர்த்தி, தன் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டுகளைத் துவக்கால் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்குப் போவதாகவும், அவரை ஜெயிலில் போடுவதென்றால் முதலில் தனக்குச் சொல்லும்படியும் கேட்டார். மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்தது.

அதற்குப் பிறகு கூட்டத்தில் துப்பாக்கிப் பேச்சே வரவில்லை. சனம் கேட்டதெல்லாம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எரியாமல் கிடக்கும் விளக்கைப் பற்றியும், பொலிஸுக்குப் போன் அடித்தால் அங்கே ஆள் எடுக்க ஆகும் நேரத்தைப் பற்றியும்தான். எனக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண் இருந்தாள். அவள் என் காதுக்குள், உன் அண்ணன் சொன்னது அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை, ஷிப்ட் முடிந்து தனியே நடக்கும்போது நானும் அப்படி நினைப்பதுண்டு, ஆனால் இங்கே எழுந்து சொல்ல மாட்டேன் என்றாள்.

வெளியே வரும்போது கடைசி வரிசையில் அண்ணாச்சியைக் கண்டோம். அவர் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. கணவர் ஒரு பக்கத்தாலும் அண்ணை மறுபக்கத்தாலும் போய் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்களே சொல்லுங்கோ அண்ணாச்சி என்றார்கள். இத்தனை நாளும் அவருக்கு நடந்ததை வைத்துத்தான் இரண்டு பேரும் வாதாடினார்கள். அவரிடம் கேட்டது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"தம்பி, நீங்க ரெண்டு பேரும் எனக்காகத்தான் பேசுறீங்கன்னு தெரியும்," என்றார். "எனக்கு இன்னும் ஒண்ணும் தோணலை. கடைக் கதவு மணி அடிச்சாலே கை நடுங்குது. முதல்ல அது நிக்கட்டும். அப்புறமா யோசிச்சுச் சொல்றேன்."

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அண்ணை சொன்னார்:

"முழுச் சனமும் என்னை விசரன் எண்டு நினைச்சிருக்கும்."

முழுச் சனமும் நினைக்கவில்லை என்று, பக்கத்தில் இருந்த பெண் சொன்னதை அவருக்குச் சொன்னேன். நின்றுவிட்டார்.

"உண்மையோ, பிள்ளை?"

"ஓம் அண்ணை."

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். கணவரின் தோளில் தட்டினார். "பாத்தீரோ மச்சான், சனம் வாய் திறக்கேல்லை. மனசுக்குள்ள எல்லாரும் என்ர பக்கம்தான்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். அண்ணையும் கொஞ்ச நேரம் பொறுத்துச் சேர்ந்துகொண்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணை அரை மணித்தியாலம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு எங்கோ போனார். கணவரும் மரக்கறி வாங்கப் போனவர் வரவில்லை. பிறகுதான் அண்ணாச்சியின் மனைவி போனில் சொன்னார். அண்ணாச்சி கடை பூட்டும் நேரத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியே அங்கே போயிருக்கிறார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. யாராவது ஒருவர் கதவடியில் நிற்பார், பல நாட்களில் இரண்டு பேரும் நிற்பார்கள். நின்று, அதே துப்பாக்கி விவாதத்தைத் தொடருவார்கள். அண்ணாச்சி ஷட்டரை இறக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாராம்.

குளிர் விட்டுப் பங்குனி வந்தபோது அண்ணாச்சி, இப்போது தனியே நிற்க முடிகிறது, இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று இரண்டு பேரும் வேலை போனவர்கள் மாதிரி வீட்டுக்கு வந்து சோபாவில் இருந்தார்கள். ஒரு கிழமை பொறுத்தார்கள். பிறகு அண்ணாச்சி கடைப் பேப்பரில்தான் கிரிக்கெட் செய்தி நன்றாக வருகிறது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள்.