பதினோராம் நாள் தட்டு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், விருதுநகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. சளியைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி மூடியதும், சந்தேகமான தட்டாக இருந்தால், எத்தனை நாள் ஆனது என்று தெரிய, சிவகாசிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துத் தட்டின் அடியில் வைத்துவிடுவார்.

எனக்கு மாற்றுச் சிறுநீரகம். அது நிலைக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தேன். இருமல் வந்தது. காசநோய் என்று நான்கு மாதம் மருந்து கொடுத்தும் எலும்பும் தோலுமாகிவிட்டேன்.

அவரிடம் சளி கொடுத்த நான்காம் நாள் முடிவு கேட்கப் போனேன். தட்டில் ஒன்றும் வளரவில்லை.

"கழுவிப் போட்டுருங்கம்மா," என்றேன் வெறுத்துப்போய்.

"கிட்னி மாத்துனவுக நீக. சோம்பேறிக் கிருமிகூட ஒங்க ஒடம்புல குடியேறும். அது மெதுவாத்தான் தலையக் காட்டும். கெடக்கட்டும்."

பதினோராம் நாள் சுண்ணாம்புப் பொட்டுகள் போல வெள்ளையாக முளைத்திருந்தது. மண்ணில் வாழும் நொகார்டியா என்ற கிருமி. நல்ல திடமான உடம்பை அது அநேகமாக அண்டாது. மருந்தை மாற்றினார்கள்.

எட்டு மாதம் கழித்து, சதை பிடித்த உடம்போடு போய் நின்றேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லியும் விழித்தார்.

"பதினோரு நாள் வச்சிருந்தீகளே, அந்தத் தட்டு நான்தான்," என்றேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எல்லாரும் இங்கன வாங்க! நம்ம தட்டு நடந்து வந்திருக்கு!"

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தக் காலண்டர் தாள் இருந்தது. குறுக்கே சிவப்பு மையில் "ஜெயிச்சாச்சு" என்று எழுதியிருந்தார்.

என் பெயர் அவருக்கு இன்றும் நினைவிருக்காது. அந்தத் தேதி நிச்சயம் நினைவிருக்கும்.